ஆய்வுக் கட்டுரை வாசிக்கத் தொடங்குவோருக்கு: துறைக்குத் துறை மாறும் சான்று

பல துறை ஆய்வுகளைச் சேர்த்து வெளியிடும் இதழ் ஒன்றைக் கையில் எடுத்தால், முதல் கட்டுரை சூரிய மின்கலத்துக்கான புதிய பொருளைப் பற்றியதாக இருக்கும். அடுத்தது ரத்த அழுத்த மாத்திரை. அதற்கடுத்தது கோதுமையில் துரு நோய். கடைசியாக, ஒரு பழைய சாசனம் மெய்யா போலியா என்ற விசாரணை. நான்கும் ஆய்வு என்ற ஒரே பெயரில்தான் வருகின்றன. ஆனால் ஒரு முடிவு நிலைபெறும் விதம் நான்கிலும் வேறு வேறு. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்று சாசனத்தை ஆராய்ந்தவரிடம் கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. மாத்திரைக் கட்டுரையில் அதுதான் முதல் கேள்வி.

புதிதாக வருகிறவர்கள் திணறுவது கலைச்சொற்களால் என்று பொதுவாக நினைக்கிறோம். கலைச்சொல்லுக்கு அகராதி உண்டு. இந்தத் துறையில் எதைச் சான்றாக ஏற்கிறார்கள் என்பது பெரும்பாலும் எங்கும் எழுதி வைக்கப்படுவதில்லை. துறைக்குள் இருப்பவர்களுக்கு அது பழக்கத்தில் வந்துவிட்டது, வெளியிலிருந்து வருபவருக்கு யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இந்த வழிகாட்டி. முதுகலை மாணவர், ஆசிரியர், செய்தியாளர், தன் வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றித் தானே படித்துத் தெரிந்துகொள்ள நினைப்பவர் என எவரும் இந்தப் படிகளைப் பின்பற்றலாம்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொண்டு தேடுங்கள்

மண்வளம் என்று மட்டும் தேடினால் லட்சக்கணக்கில் வந்து கொட்டும். "தொழு உரத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து இட்ட நிலத்தில், ரசாயன உரம் மட்டும் இட்ட நிலத்தைவிட மண்ணின் கரிமச்சத்து எவ்வளவு கூடுகிறது?" என்று எழுதிக்கொண்டால், தேடுசொற்கள் அந்த வரியிலேயே கிடைத்துவிடும். யாரிடம் அல்லது எதில், என்ன செய்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள், எது மாறியது: மருத்துவத்திலும் வேளாண்மையிலும் கேள்வியை இப்படி நான்காக உடைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வரலாறு, இலக்கியம், மெய்யியல் அடங்கிய கலைப்புலத்தில் எந்த ஆவணம், எந்தக் காலம், எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேடும் இடமும் துறைக்குத் துறை மாறும். மருத்துவத்துக்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட். வேளாண்மைக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அக்ரிஸ். இயற்பியல், கணிதம், கணினியியலுக்கு 1991 முதல் இயங்கும் ஆர்கைவ். கலைப்புலத்துக்கு ஜேஸ்டோர். கூகுள் ஸ்காலர் எல்லாவற்றையும் துழாவும் என்பதால் அங்கே தொடங்குவதில் தவறில்லை; அங்கேயே நின்றுவிடுவதுதான் தவறு. கலைப்புலத்தில் கனமான வாதங்கள் பல முழு நூலாகவே வெளிவரும். கட்டுரைத் தளங்களை மட்டும் பார்ப்பவருக்கு அவை தட்டுப்படாமலே போகும். நூலகப் பட்டியலையும் தேடுங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் தேடுபெட்டியை மூடிவிடலாம். அதன் மேற்கோள் பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையின் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் இருக்கும். அது முன்னோக்கி அழைத்துச் செல்லும். இரண்டு பக்கமும் இரண்டு அடி நடந்தால், அந்தச் சிறு துறையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் தெரிந்துவிடும்.

கட்டணம் கேட்டால் உடனே பணம் கட்ட வேண்டாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி எங்காவது இருந்தால் காட்டிக்கொடுக்கும். பல பல்கலைக்கழகங்கள் தங்கள் களஞ்சியத்தில் படியை வைத்திருக்கும். மருத்துவக் கட்டுரைகள் பல பப்மெட் சென்ட்ரலில் முழுமையாகவே உண்டு.

படி 2: கையில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

தாங்களே செய்த ஆய்வை அறிவிப்பது மூலக் கட்டுரை. பிறர் செய்தவற்றைத் திரட்டி எடைபோடுவது மீளாய்வு. இதிலும் இரண்டு உண்டு. ஆசிரியர் தனக்குத் தெரிந்தவற்றை எடுத்துக்கொண்டு எழுதுவது ஒன்று. எங்கே தேடினோம், எந்தச் சொற்களால் தேடினோம், எதைச் சேர்த்தோம், எதை ஏன் விட்டோம் என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு செய்யும் முறைசார் மீளாய்வு மற்றொன்று. 1993-இல் தொடங்கிய காக்ரேன் அமைப்பு மருத்துவத்தில் இரண்டாவது வகையைத்தான் செய்துவருகிறது. துறைக்குப் புதியவர் மீளாய்விலிருந்து தொடங்குவது நல்லது. தனிக் கட்டுரை ஒரு குரல்தான். மீளாய்வு அந்த விவாதம் முழுவதையும் காட்டும்.

ஒரே நோயாளியின் கதையைச் சொல்லும் நேர்வு அறிக்கை, இதழ் ஆசிரியரின் கருத்துரை, சக ஆய்வாளர்கள் இன்னும் பார்க்காத முன்பதிப்பு ஆகியவையும் தேடலில் கலந்தே வரும். முன்பதிப்பைத் தள்ளிவிட வேண்டியதில்லை; இயற்பியலில் அன்றாட வாசிப்பே அதுதான். மருத்துவத்தில் ஒரு முன்பதிப்பை நம்பி மருந்தை மாற்றுவது ஆபத்து. மாநாட்டுக் கட்டுரையும் அப்படித்தான். கணினியியலில் பெரிய மாநாட்டில் ஏற்கப்படுவது இதழில் வருவதற்கு நிகரான மதிப்புடையது. மருத்துவத்தில் மாநாட்டுச் சுருக்கம் என்பது வேலை இன்னும் முடியவில்லை என்பதற்கான அறிவிப்பு.

படி 3: முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்காதீர்கள்

அறிவியல், மருத்துவம், வேளாண் கட்டுரைகள் பெரும்பாலும் அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்ற அமைப்பில் இருக்கும். சுருக்கத்தை வாசித்ததும் அறிமுகத்தின் கடைசிப் பத்திக்குப் போங்கள். ஆய்வின் கேள்வி அங்கேதான் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். பிறகு படங்களும் அட்டவணைகளும். அவற்றைப் பார்த்து என்ன தெரிகிறது என்று உங்கள் சொல்லில் ஒரு வரி எழுதிய பிறகு விவாதப் பகுதிக்குச் செல்லுங்கள். ஆசிரியர் சொல்வதும் நீங்கள் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால், ஒன்று நீங்கள் தவறவிட்டது ஏதோ உள்ளது, அல்லது ஆசிரியர் தரவு சொல்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறார். இரண்டுமே அடிக்கடி நடப்பவை.

முறை என்ற பகுதியைத் தாண்டிப் போகத் தோன்றும், வறட்சியான பகுதி. ஆனால் ஒரு கட்டுரை நிற்பதும் விழுவதும் அங்கேதான். முதல் வாசிப்பில் பாதி புரிந்தாலும் போதும், விட்டுவிடாதீர்கள்.

கலைப்புலக் கட்டுரைக்கு இந்த வரிசை உதவாது. முன்னுரையையும் முடிவுரையையும் வாசித்து வாதம் என்ன என்று பிடித்துக்கொண்டு, நடுப்பகுதியை அடிக்குறிப்புகளோடு சேர்த்து மெதுவாக வாசியுங்கள். சான்று இருப்பது அடிக்குறிப்பில்.

படி 4: அந்தத் துறையின் சான்று எது என்று கண்டுபிடியுங்கள்

இதுதான் நீண்ட படி. துறை துறையாகப் பார்ப்போம்.

இயற்பியலிலும் வேதியியலிலும் சான்று என்பது பெரும்பாலும் அளவீடு. கருவி எது, அதைச் சரிபார்த்தது எப்படி, அளவில் பிழை வரம்பு எவ்வளவு என்பவை முதல் கேள்விகள். பிழையில் இரண்டு வகை உண்டு. திரும்பத் திரும்ப அளக்கும்போது எண் அங்கும் இங்கும் சிதறுவது ஒன்று. எத்தனை முறை அளந்தாலும் எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பது மற்றொன்று. முதலாவது, தரவு கூடக் கூடக் குறையும். இரண்டாவது குறையாது. 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழு, ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டர் பயணித்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள், ஒளி எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிடச் சுமார் 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டதாக அறிவித்தது. புள்ளியியல் கணக்கு உறுதியாக இருந்தது. ஆனால் நேரத்தைக் கடத்தும் ஒளியிழை வடம் ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை என்பது 2012-இல் தெரிந்தது. அதே கிரான் சாசோ ஆய்வகத்தில் இருந்த இக்காரஸ் குழுவின் அளவீடும் ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது. இதில் நான் மதிப்பது ஒன்றுண்டு. எங்களுக்கே இது விளங்கவில்லை, பிறரும் சோதித்துப் பாருங்கள் என்று முதல் அறிவிப்பின்போதே அந்தக் குழு கேட்டுக்கொண்டது.

அதனால் இந்தத் துறைகளில் ஒரே முடிவு இரண்டு தனித்தனிக் குழுக்களிடமிருந்து வருகிறதா என்று பாருங்கள். ஹிக்ஸ் துகளை 2012 ஜூலை 4 அன்று அட்லஸ், சிஎம்எஸ் என்ற இரு குழுக்கள் சேர்ந்து அறிவித்தன; இரண்டும் தனித்தனிக் கருவிகள். துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து சிக்மா வேண்டும் என்பது எழுதாத சட்டம். புதிதாக எதுவும் இல்லாதபோது, வெறும் தற்செயலாலேயே அப்படியொரு எண் வந்துவிட ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு என்று அதற்குப் பொருள். மருத்துவத்திலும் வேளாண்மையிலும் 20-இல் ஒன்று என்ற அளவோடு நின்றுவிடுவார்கள். துறை எவ்வளவு கறாரானது என்பதற்கு இந்த எண் ஒரு நல்ல அடையாளம்.

கணிதத்தில் சான்று நிரூபணம் மட்டுமே. எத்தனை எடுத்துக்காட்டு கொடுத்தாலும் போதாது. ஆண்ட்ரூ வைல்ஸ் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்ததாக 1993-இல் அறிவித்தார். சரிபார்த்தபோது ஓர் இடைவெளி தென்பட்டது. ரிச்சர்ட் டெய்லரோடு சேர்ந்து அதை அடைத்த பிறகே, 1995-இல் அது தேற்றமாக அச்சேறியது.

ஆசிரியர் பட்டியலைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. உயிரியல், மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்தில் அகரவரிசை, முதலில் நிற்பதால் ஒருவருக்கு ஏற்றம் இல்லை. கலைப்புலத்தில் பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர். துகள் இயற்பியலோ வேறு உலகம்: ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான்.

மருத்துவ ஆய்வில் சான்று என்பது ஒப்பீடு. மருந்து சாப்பிட்டவர் குணமானார் என்பது சான்றாகாது. சாப்பிடாதவர்களில் எத்தனை பேர் குணமானார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டு குழுவும் மற்ற எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் யாருக்கு எது என்பதை மருத்துவரும் நோயாளியும் முடிவு செய்யாமல் குலுக்கல் முறைக்கு விட்டுவிடுகிறார்கள். சமவாய்ப்புச் சோதனை என்பது இதுதான்.

பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1948-இல் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனை இந்த வகையில் ஒரு முன்னோடி. நுரையீரல் காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதைப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வகுத்து, ஒட்டிய உறைகளுக்குள் வைத்திருந்தார். ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேரும் மற்றதில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

இந்த எண்களை எடுத்து நீங்களே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 55-இல் 4 என்பது சுமார் 7 சதவீதம். 52-இல் 14 என்பது சுமார் 27 சதவீதம். "இறப்பு 73 சதவீதம் குறைந்தது" என்றும் எழுதலாம். "100 பேருக்கு 20 இறப்பு குறைந்தது" என்றும் எழுதலாம். இரண்டும் மெய். முதலாவது சார்பளவு, இரண்டாவது நேரளவு. ஐந்து பேருக்கு மருந்து கொடுத்தால் அந்த ஆறு மாதத்தில் ஒருவர் கூடுதலாகப் பிழைக்கிறார் என்று பொருள். அபூர்வமான நோயில் இதே கணக்கு வேறு முகம் காட்டும். 10,000 பேரில் 2 பேருக்கு வருவது 1 ஆகக் குறைந்தாலும் பாதியாகக் குறைந்தது என்று தலைப்புப் போடலாம். ஆகவே சதவீதத்தைக் கண்டதும், எதில் சதவீதம் என்று தேடுங்கள். மருத்துவச் செய்திகளை வாசிப்பவருக்கு ஒரே ஒரு பழக்கத்தைச் சொல்லித்தர முடியும் என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

அந்தச் சோதனையின் கதை ஆறு மாதத்தோடு முடியவில்லை. பல நோயாளிகளின் கிருமிகள் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு எதிர்ப்பைப் பெற்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல இரு குழுக்களுக்கும் இடையே இருந்த இடைவெளி சுருங்கியது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய முறைக்கு அந்தப் பின்தொடர்தலும் ஒரு காரணம். எவ்வளவு காலம் கவனித்தார்கள் என்று எந்த மருத்துவக் கட்டுரையிலும் கேளுங்கள்.

எதை அளந்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தப்பும் நோயாளிகளுக்கு என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகள் துடிப்பைச் சீராக்கின. துடிப்பு சீரானால் உயிர் பிழைப்பார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். 1989-இல் வெளியான காஸ்ட் சோதனை, அந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியிருந்ததைக் காட்டியது. ரத்தப் பரிசோதனை எண்ணும் வரைபடமும் இடைநிலைக் குறிகள். நோயாளிக்குத் தேவையானது உயிரும் நலமும். கட்டுரை எதை அளந்தது என்று பிரித்துப் பாருங்கள்.

குலுக்கல் செய்ய முடியாத கேள்விகளும் உண்டு. புகைபிடிக்கச் சொல்லி ஒரு குழுவை யாரும் அமர்த்த முடியாது. ரிச்சர்ட் டாலும் ஹில்லும் 1950-இல் நுரையீரல் புற்று உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தொடர்பு மிக வலுவானது, புகை கூடக் கூட நோயும் கூடியது, வேறு நாட்டு ஆய்வுகளும் அதையே சொன்னன. கவனிப்பு ஆய்வு இப்படிப் பல திசையிலிருந்து கூடிவரும்போது நம்பலாம். ஆனால் கவனிப்பு ஆய்வு தவறான வழியைக் காட்டியதும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பல கவனிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. 16,608 பெண்கள் கலந்துகொண்ட ஒரு சமவாய்ப்புச் சோதனை, தீங்கு நன்மையை மிஞ்சியதால் 2002-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. முந்தைய ஆய்வுகளில் ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் பொதுவாகவே வசதியும் உடல்நலத்தில் அக்கறையும் கூடியவர்களாக இருந்தது, அந்த முரணுக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

வேளாண் ஆய்வில் எதிராளி நிலமே. ஒரே வயலில் ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம். ஒரு பக்கம் ஈரம் நிற்கும், ஒரு பக்கம் மரநிழல் விழும். புதிய ரகத்தை நல்ல மூலையில் விதைத்துவிட்டு விளைச்சல் கூடியது என்றால் பாராட்டு மண்ணுக்குத்தான் போக வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் சேர்ந்த புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் இந்தச் சிக்கலுக்குத் தந்த விடைதான் இன்று எல்லாத் துறைக்கும் பரவியிருக்கிறது. வயலை ஒத்த தன்மையுள்ள தொகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா ரகத்தையும் வை. எந்தத் துண்டில் எது என்பதைக் குலுக்கிப் போடு. எல்லாவற்றையும் பலமுறை திரும்பச் செய். மருத்துவச் சோதனைகளின் குலுக்கல் முறைக்கு வேர் இந்த வயல் ஆய்வுகளில் இருக்கிறது என்பது மருத்துவம் படிப்பவர்கள் பலருக்குத் தெரியாது.

வேளாண் கட்டுரை வாசிக்கும்போது எத்தனை மறுசெய்கை, எத்தனை பருவம், எத்தனை இடம் என்று மூன்று எண்களைத் தேடுங்கள். ஒரே பருவத்தில் ஒரே இடத்தில் செய்த சோதனை, அந்த ஆண்டு மழையைப் பற்றிய செய்தியாகவும் இருக்கக்கூடும். ஓர் இடத்தில் முதலாவதாக வரும் ரகம் இன்னோர் இடத்தில் பின்தங்கும். ரகமும் சூழலும் சேர்ந்தே விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. ஆய்வு நிலையத்தில் நடந்ததா, உழவர் வயலில் நடந்ததா என்பதையும் பாருங்கள். நிலையத்தில் நேரத்துக்கு நீர், நேரத்துக்குக் களையெடுப்பு. உழவர் வயலில் ஆள் கிடைக்கிற நாளில்தான் களையெடுப்பு. வெள்ளாமையில் வரும் இந்த வித்தியாசத்தைப் பேசாத கட்டுரையைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அட்டவணைகளில் சராசரிக்குப் பக்கத்தில் சிறிய எழுத்துகள் நிற்கும். புதியவர்கள் அதைக் கண்டு குழம்புவார்கள். ஒரே எழுத்தைப் பெற்ற இரு சராசரிகளுக்கு இடையே புள்ளியியல் நோக்கில் வேறுபாடு காட்டப்படவில்லை, அவ்வளவுதான். சில இதழ்களில் எழுத்துக்குப் பதில் அட்டவணையின் அடியில் சி.டி. (வேறுபாட்டு எல்லை) என்று ஓர் எண் இருக்கும். இரு சராசரிகளின் வித்தியாசம் அந்த எண்ணைத் தாண்டினால்தான் பேச வேண்டும்.

வேளாண்மைக்குப் பொறுமை வேண்டும் என்பதற்கு ரோதம்ஸ்டட்டின் பிராட்பாக் வயலே சாட்சி. 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. உரமே இடாத துண்டு, தொழு உரத் துண்டு, ரசாயன உரத் துண்டுகள் எல்லாம் அருகருகே உள்ளன. படி 1-இல் எழுதிய மண் கேள்விக்கு மூன்றாண்டுத் திட்டம் எதுவும் தர முடியாத பதிலை அந்த வயல் தருகிறது.

கலைப்புலத்தை "வெறும் கருத்து" என்று ஒதுக்குகிறவர்கள் அங்கே சான்று எவ்வளவு கண்டிப்பாகக் கேட்கப்படுகிறது என்று அறியாதவர்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நான்காம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளின் ஆட்சியைப் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை வரி வரியாக ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் அந்தப் பொருளில் வழங்காத சொற்கள் அதில் இருந்தன. ரோம அதிகாரிகளைப் பாரசீக ஆளுநர்களுக்குரிய "சத்ரப்" என்ற பெயரால் அது அழைத்தது. சாசனம் பிற்காலப் போலி என்று காட்ட அவருக்குச் சோதனைச் சாலை தேவைப்படவில்லை. மொழியின் காலக்கணக்கு போதுமாக இருந்தது.

எனவே கலைப்புலக் கட்டுரையில், ஆசிரியர் மூல ஆவணத்தைப் பார்த்தாரா, பிறர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா என்று முதலில் அடிக்குறிப்பில் பாருங்கள். எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினார் என்பதும் முக்கியம். சுவடிக்குச் சுவடி பாடம் வேறுபடும்போது பதிப்பாசிரியர் தேர்ந்த ஒரு சொல்லே வாதத்தைத் திருப்பிவிடும். தன் வாதத்துக்கு ஒத்துவராத சான்றை எடுத்துப் பேசுகிறாரா என்று தேடுங்கள். நல்ல வரலாற்றாசிரியர் அதை மறைக்கமாட்டார். எஞ்சியிருக்கும் ஆவணங்கள் யாருடையவை என்றும் யோசியுங்கள். எழுதத் தெரிந்தவர்களும் எழுதியதைப் பாதுகாக்க வசதியிருந்தவர்களும் அங்கே அதிகம் பேசுவார்கள். மற்றவர்கள் வரி ஏட்டிலும் வழக்கு ஏட்டிலும் இன்னொருவர் கையெழுத்தில் மட்டுமே வருவார்கள்.

படி 5: எண் இருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள்

பி மதிப்பு 0.05-க்குக் கீழ் என்றால் முடிவு 95 சதவீதம் உண்மை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே அது சொல்கிறது. இருபது விஷயங்களை அளந்தால் ஒன்றாவது தற்செயலாக அந்த எல்லைக்குள் வந்துவிட நல்ல வாய்ப்பு உண்டு. பி மதிப்பைவிட, பக்கத்தில் தரப்படும் நம்பக இடைவெளியைப் பாருங்கள்; விளைவு எவ்வளவு சிறிதாகவும் எவ்வளவு பெரிதாகவும் இருக்கக்கூடும் என்று அது காட்டும்.

உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்து பார்த்த கூட்டு முயற்சி ஒன்றின் முடிவு 2015-இல் வந்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ளவை. மறுபடி செய்தபோது 36 சதவீதம் மட்டுமே அப்படி வந்தன. இதைக் காட்டி ஆய்வே பொய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன் வீட்டைத் தானே சோதித்து முடிவை வெளியிட்ட துறை மதிப்புக்குரியது. ஆனால் தனியொரு கட்டுரையை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

படி 6: கட்டுரையின் பின்னணியைச் சரிபாருங்கள்

ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிலையான அடையாளமான டிஓஐ எண்ணைச் சொடுக்கி வெளியீட்டாளரின் பக்கத்துக்கே போங்கள். திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு இருந்தால் அங்கே தெரியும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் இதழில் வந்த கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. இதழ் அதை 2010-இல் திரும்பப் பெற்றது. அந்தப் பழைய கட்டுரை இன்றும் கைக்குக் கை சுற்றுகிறது.

நிதி தந்தவர் யார் என்று கடைசிப் பக்கத்தில் பாருங்கள். மருந்துச் சோதனையாக இருந்தால் முன்பதிவு எண்ணைத் தேடுங்கள். சோதனை தொடங்கும்போது எதை அளக்கப்போவதாகப் பதிந்தார்கள், கட்டுரையில் எதை முன்னிறுத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுவிடலாம். இதழ் சக ஆய்வாளர் மதிப்பீடு செய்வதா என்றும் பாருங்கள். மதிப்பீடு என்பது இரண்டு மூன்று பேர் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள் என்பதற்கான உறுதி, அதற்குமேல் இல்லை. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் இருக்கின்றன. ஓரிரு நாளில் ஏற்பு என்று விளம்பரம் செய்வது முதல் அறிகுறி.

செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலி தரும் மேற்கோளை அப்படியே நம்ப வேண்டாம். இல்லாத கட்டுரைக்கு நம்பும்படியான தலைப்பையும் ஆசிரியரையும் அது உண்டாக்கிவிடும்.

படி 7: ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம் குறிப்பு

கேள்வி, சான்று, முறை, முடிவு, அதன் எல்லை, என் சந்தேகம்: ஆறு தலைப்பு போதும். கடைசித் தலைப்பை வெறுமையாக விடாதீர்கள். சோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் மேற்கோள் விவரங்களைத் தானே சேமித்துக்கொள்ளும். குறிப்பை மட்டும் உங்கள் சொல்லில், உங்கள் மொழியில் எழுதுங்கள். தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்ல வராத முடிவு இன்னும் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 8: துறைகள் சந்திக்கும் கட்டுரை ஒன்றை வாசியுங்கள்

பழகியதும் இதைச் செய்து பாருங்கள். கிரீன்லாந்திலும் அன்டார்க்டிகாவிலும் தோண்டியெடுத்த பனித்தண்டுகளில், 1250-களின் இறுதிக்குரிய அடுக்கில் கந்தகம் மிக அதிகம். மாபெரும் எரிமலை ஒன்று வெடித்திருக்கிறது. எது என்று பல காலம் தெரியவில்லை. 2013-இல் வெளிவந்த ஆய்வு, இந்தோனேசியாவின் லோம்பொக் தீவிலுள்ள சமலாஸ் எரிமலை என்று காட்டியது. நிலவியலாளர்கள் சாம்பல் படிவின் பருமனை அளந்தார்கள். கரிந்த மரத்துண்டுகளின் ரேடியோ கார்பன் அளவு காலத்தைக் கொடுத்தது. சாம்பலின் வேதிக் கூறு பனியில் கிடைத்த நுண்துகளோடு ஒப்பிடப்பட்டது. இவற்றோடு பழைய ஜாவா மொழியில் பனையோலையில் எழுதப்பட்ட பபத் லோம்பொக் என்ற வரலாறும் சான்றாக வந்தது. மலை சரிந்ததையும், பமத்தான் என்ற ஊர் அழிந்ததையும் அது சொல்கிறது. ஐரோப்பியத் துறவி மடங்களின் நாட்குறிப்புகள் 1258-இன் குளிரையும் மழையையும் பதிந்திருக்கின்றன.

இப்படிப்பட்ட கட்டுரையில் எந்தச் சான்று எந்தச் சுமையைத் தாங்குகிறது என்று பிரித்து எழுதிப் பாருங்கள். ரேடியோ கார்பன் காலத்தைத் தோராயமாகச் சொல்லும், ஊர்ப்பெயரைச் சொல்லாது. ஓலை ஊர்ப்பெயரைச் சொல்லும், எவ்வளவு கந்தகம் என்று சொல்லாது. ஒன்றின் பிழை மற்றொன்றில் இருக்க வழியில்லை என்பதால்தான் அவை ஒத்துப்போகும்போது முடிவு கனக்கிறது.

வாசித்த பிறகும் ஓர் இடம் விளங்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதுங்கள். தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் முதல் பக்கத்தில் இருக்கும். நீங்கள் யார், எதற்காக வாசிக்கிறீர்கள் என்று இரண்டு வரி. எந்தப் பக்கம், எந்த அட்டவணை என்று குறிப்பிட்டு ஒரே ஒரு கேள்வி. "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. "மூன்றாம் அட்டவணையில் இரண்டாம் பருவ விளைச்சல் ஏன் விடப்பட்டுள்ளது?" என்ற கடிதத்துக்குப் பலர் பதில் எழுதுகிறார்கள், சிலர் அந்தத் தரவையே அனுப்பிவைக்கிறார்கள்.